வராத அப்பாக்களும் வந்திறங்கிய விண்கலங்களும்



'இ.டி.' படத்தில் என் மனத்தைவிட்டு அகலாத காட்சியில் அந்த வேற்றுலகவாசி இ.டி. இல்லை. எலியட்டும் அவன் அண்ணன் மைக்கேலும் கார் கொட்டகையில் பழைய சாமான்களைக் கிளறிக்கொண்டிருக்கிறார்கள். வானத்துக்குச் சேதி அனுப்ப ஒரு கருவி செய்தாக வேண்டும். அதற்கு உதிரிகள் தேடுகிறார்கள். அப்பாவின் பழைய சட்டை ஒன்று கையில் அகப்படுகிறது. அப்பா இப்போது அந்த வீட்டில் இல்லை. வேறொரு பெண்ணோடு மெக்சிகோவுக்குப் போய்விட்டார். தங்களை அவர் பந்தாட்டத்துக்கும் சினிமாவுக்கும் கூட்டிப்போனதைப் பற்றி இருவரும் ஓரிரு வார்த்தை பேசுகிறார்கள். மறுபடியும் போவோம் என்கிறான் பெரியவன். போவோம் என்கிறான் சின்னவன், நம்பிக்கை இல்லாமல். பிறகு சட்டையை முகர்ந்து பார்க்கிறார்கள். அப்பா பூசிக்கொள்ளும் வாசனைக்கு ஒருவன் ஒரு பெயர் சொல்கிறான், மற்றவன் வேறு பெயர் சொல்கிறான். காட்சி முடிந்துவிடுகிறது.

அப்பாவின் வாசனைகூடப் பிள்ளைகளுக்கு மறக்கத் தொடங்கிவிட்டது என்பதை இதைவிடச் சுருக்கமாக ஒரு படம் சொல்லி நான் பார்த்ததில்லை.

இந்தக் கோடை விடுமுறை இதழைப் பழைய அறிவியல் புனைகதைப் படங்களுக்கு ஒதுக்கலாம் என்று ஆசிரியர் குழுவில் பேச்சு எழுந்தபோது, ஆளாளுக்குத் தங்களுக்குப் பிடித்த படத்தைச் சொன்னோம். விண்கலம் எப்படிப் பறந்தது, எந்திரம் எப்படி ஓடியது என்று ஒருவரும் பேசவில்லை. அந்த அம்மா சாப்பாட்டு மேசையிலிருந்து சட்டென்று எழுந்து போனாளே, அந்த மகன் தன் வயதிலேயே இருக்கும் அப்பாவை வாய்பிளந்து பார்த்தானே என்றுதான் பேச்சு போனது. அப்போது எனக்கு ஒன்று புலப்பட்டது. நாம் ஏக்கத்தோடு நினைத்துப் பார்க்கும் இந்தப் படங்கள் எல்லாமே ஏக்கத்தைப் பற்றியவை. வாழ்க்கை கொடுக்க மறுத்துவிட்ட ஒரு சந்திப்பு ஒவ்வொன்றிலும் நடக்கிறது. அதை நடத்திவைக்க இந்த உலகத்தில் வேறு வழி கிடையாது என்பதால்தான் அங்கே அறிவியல் வருகிறது.

'இ.டி.' முதலில் ஒரு திகில் கதையாகத்தான் இருந்தது. 'நைட் ஸ்கைஸ்' என்று பெயர். பண்ணை வீடு ஒன்றை வேற்றுலகவாசிகள் சூழ்ந்துகொண்டு அங்கிருக்கும் குடும்பத்தைப் பாடாய்ப் படுத்துவார்கள். அந்தக் கும்பலில் ஒரே ஒரு ஆள் மட்டும் சாது. வீட்டுச் சிறுவனோடு சிநேகமாகிவிடுவான். 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' படப்பிடிப்புக்காகத் துனிசியாவில் இருந்த இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், அங்கே வந்திருந்த எழுத்தாளர் மெலிசா மாதிசனிடம் அந்தச் சிநேகத்தைப் பற்றி மட்டும் பேசினார். ஸ்பீல்பெர்க்கின் பெற்றோரும் பிரிந்தவர்கள்தான். அந்த நாள்களில் துணைக்கு ஒரு கற்பனைத் தோழனை மனத்துக்குள் வைத்திருந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். திகில் எல்லாம் உதிர்ந்து, ஒரு பையனும் அவன் தோழனும் மிஞ்சினார்கள். எட்டு வாரத்தில் மாதிசன் முதல் பிரதியை எழுதிக் கொடுத்தார். கொலம்பியா நிறுவனம் வேண்டாம் என்று விட்டுவிட, யுனிவர்சல் எடுத்துக்கொண்டது. 1982 ஜூனில் படம் வெளியானது. 1993-இல் 'ஜுராசிக் பார்க்' வரும்வரை உலகில் அதிக வசூல் கண்ட படம் அதுதான்.

படத்தை மறுபடி பார்க்கும்போது கேமரா எந்த உயரத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் ஒரு பத்து வயதுப் பிள்ளையின் கண் மட்டத்தில்தான் இருக்கும். படத்தின் பெரும்பகுதியில் அம்மாவைத் தவிர வேறு பெரியவர் முகம் நமக்குச் சரியாகத் தெரியாது. இடுப்பும் கால்களும் கைவிளக்கும்தான் தெரியும். துரத்தி வரும் அரசு ஆள் ஒருவரை அவர் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தை வைத்தே அடையாளம் காண்கிறோம். வெகுநேரம் கழித்து அவர் முகம் தெரியும்போது, நாம் எதிர்பார்த்த கொடியவன் அங்கே இல்லை. பத்து வயதிலிருந்து இந்த ஒன்றுக்காகத்தான் தானும் காத்திருந்ததாக எலியட்டிடம் சொல்கிறார். துரத்தியவருக்குள்ளும் ஒரு எலியட் இருந்திருக்கிறான். வில்லனை இப்படிக் கரைத்துவிடும் துணிச்சல் பெரிய வணிகப் படங்களில் அபூர்வம்.

குழந்தைகளின் முகத்தில் உண்மை தெரிய வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலும் கதை வரிசையிலேயே படம்பிடித்தார்கள். இது செலவு பிடிக்கும் வேலை. ஒரே இடத்தில் நடக்கும் காட்சிகளை ஒரே மூச்சில் எடுத்து முடிப்பதுதான் வழக்கம். ஆனால் வரிசையாக எடுத்ததால், பிரிவுக் காட்சிக்கு வந்தபோது அந்தப் பிள்ளைகளுக்கும் அது பிரிவாகவே இருந்தது. எலியட்டாக நடித்த ஹென்றி தாமஸ், தேர்வுக்கு வந்த நாளில், இறந்துபோன தன் நாயை நினைத்து அழுதான். பார்த்துக்கொண்டிருந்த ஸ்பீல்பெர்க் அந்த இடத்திலேயே வேலை உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். தங்கையாக வந்த ஆறு வயது ட்ரூ பேரிமோர், இ.டி. பொம்மைக்கு உயிர் உண்டு என்றே நம்பினாள். இடைவேளையில் போய்ப் பேசிக்கொண்டிருப்பாள். அவள் பேசும்போது பொம்மை அசையாமல் கிடந்துவிடக் கூடாது என்று இயக்குவதற்கு ஆள் வைத்தார் ஸ்பீல்பெர்க். படத்தில் வராத காட்சி இது. ஆனாலும் படத்தின் ஒவ்வொரு அங்குலத்திலும் இந்த அக்கறை தெரிகிறது.

இசையிலும் அப்படித்தான். கடைசிக் காட்சியின் நீண்ட இசையைப் படத்தோடு நொடிக்கு நொடி பொருத்த இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் தடுமாறியபோது, திரையை அணைத்துவிட்டு, கச்சேரியில் வாசிப்பதுபோல மனம்போன போக்கில் வாசிக்கச் சொன்னார் ஸ்பீல்பெர்க். பிறகு அந்த இசைக்கு ஏற்றபடி படத்தை வெட்டிச் சேர்த்தார்.

இருபதாம் ஆண்டு நிறைவுக்காக 2002-இல் படத்தை மறுபடி வெளியிட்டபோது, சிறுவர்களைத் துரத்தும் அதிகாரிகளின் கையிலிருந்த துப்பாக்கிகளைக் கணினியில் அழித்து, பேசும் கருவிகளாக மாற்றினார்கள். பின்னாளில் அதற்காக ஸ்பீல்பெர்க் வருத்தப்பட்டார். பழைய வடிவமே மீண்டும் புழக்கத்துக்கு வந்தது. அவர் வருந்தியது நியாயம். பிள்ளைகள் மிதிவண்டியில் பறப்பது அழகாக இருப்பதற்குக் காரணமே கீழே நிற்பவர்கள் கையில் துப்பாக்கி இருப்பதுதான்.

அடுத்து நான் சொல்ல விரும்பும் படத்தை எல்லோரும் ஒரு காரின் பெயரால் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1985-இல் வந்த 'பேக் டு தி ஃப்யூச்சர்'. கதவு மேல்நோக்கித் திறக்கும் டெலோரியன் கார், மணிக்கு 88 மைல் வேகம், மணிக்கூண்டின் மேல் விழும் மின்னல். ஆனால் அந்தக் கதை பிறந்தது ஒரு பள்ளி ஆண்டு மலரிலிருந்து. எழுத்தாளர் பாப் கேல், செயின்ட் லூயிஸ் நகரில் பெற்றோர் வீட்டுக்குப் போனபோது, அப்பாவின் உயர்நிலைப் பள்ளி மலர் கண்ணில் பட்டது. அப்பா தன் வகுப்புக்குத் தலைவராக இருந்திருக்கிறார். மகனுக்கு அதுவரை தெரியாது. நானும் அதே பள்ளியில் அதே வகுப்பில் படித்திருந்தால் இந்த ஆளோடு எனக்குச் சிநேகம் ஏற்பட்டிருக்குமா என்று கேலுக்கு ஒரு கேள்வி வந்தது. நம்மில் யாருக்குத்தான் இந்தக் கேள்வி வந்ததில்லை? அம்மாவின் கல்லூரிப் புகைப்படத்தில் சிரிக்கும் அந்தப் பெண் யார் என்று நாமும் ஒருநாள் நின்று பார்த்திருக்கிறோம்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போகக் காலத்தில் பின்னால் செல்லும் ஒரு வாகனம் வேண்டியிருந்தது. கேலும் இயக்குநர் ராபர்ட் ஜெமெக்கிஸும் எழுதிய திரைக்கதையைப் பட நிறுவனங்கள் நாற்பது முறைக்கு மேல் திருப்பி அனுப்பின. ஓரிடத்தில் படம் ரொம்பச் சாதுவாக இருக்கிறது என்றார்கள். டிஸ்னியில், மகன் என்று தெரியாமல் அம்மா அவன்மேல் ஆசைப்படுவது தகாது என்றார்கள்.

படத்தில் எனக்கு முக்கியமான இடம் பள்ளி உணவுக்கூடத்தில் வருகிறது. 1955-க்குப் போய்விட்ட நாயகன் மார்ட்டி, தன் வயதுப் பையனாக இருக்கும் அப்பா ஜார்ஜிடம், என்ன எழுதிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்கிறான். அறிவியல் புனைகதைகள் என்கிறார் ஜார்ஜ். யாருக்கும் படிக்கக் கொடுப்பதில்லையாம். பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் தாங்க முடியாதாம். மார்ட்டி அதிர்ந்துபோகிறான். தன் பாட்டு நாடாவை இசை நிறுவனத்துக்கு அனுப்பத் தயங்கியபோது அவனும் இதே காரணத்தைத்தான் சொல்லியிருந்தான். அப்பாவிடமிருந்து தனக்கு வந்தது கண்ணும் மூக்கும் மட்டுமல்ல, அந்தப் பயமும்தான் என்பது அவனுக்கு அந்த நொடியில் தெரிகிறது. வீட்டில் பதினேழு வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் தெரியாத விஷயம், முப்பது வருடம் பின்னால் போனபிறகு ஒரு சாப்பாட்டு மேசையில் தெரிகிறது. அம்மாவிடம் பேச அப்பாவுக்குத் தைரியம் கொடுப்பதற்காக மகன் நள்ளிரவில் கவச உடை மாட்டிக்கொண்டு வேற்றுக்கிரகத்தான் வேடத்தில் போகும் காட்சி சிரிப்புக்காக வைத்ததுதான். இருந்தும், வேற்றுலகத்தார் கதைகளை ஒளித்து ஒளித்து எழுதும் ஒரு பையனிடம் எந்த மொழியில் பேச வேண்டும் என்று மகனுக்குத் தெரிந்திருக்கிறதே! படத்தின் முடிவில் குடும்பம் பணமும் புது வண்டியுமாக ஜொலிப்பதில் எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. அச்சாகி வந்த அப்பாவின் முதல் புத்தகம் மேசைமேல் இருப்பதே போதும்.

1984-இல் ஜான் கார்பென்டர் எடுத்த 'ஸ்டார்மேன்' பற்றிச் சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டும். கணவனை இழந்த ஜென்னியின் வீட்டில், அவள் எடுத்துவைத்திருந்த கணவனின் முடிக்கற்றையைக் கொண்டு அவன் உருவத்தையே எடுத்துக்கொள்கிறான் ஒரு வேற்றுலகவாசி. இறந்தவனின் முகம், உள்ளே வேறு யாரோ. அவனை அவன் கூட்டத்தார் வந்து அழைத்துச் செல்லும் இடத்துக்கு அவள் காரோட்டிப் போக வேண்டும். முதலில் அச்சம், பிறகு பரிவு, பிறகு இரண்டாவது பிரிவு. பறவைபோலத் தலையை வெட்டி வெட்டித் திருப்பும் ஜெஃப் பிரிட்ஜஸின் நடிப்பு ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. ஆனாலும் படத்தைத் தாங்குவது அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் பார்க்கும் கேரன் ஆலன்தான். 'இ.டி.'யை விட்டுவிட்டு கொலம்பியா வைத்துக்கொண்ட கதை இதுதான். இரண்டும் நமக்குக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்.

கார்ல் சேகனின் நாவலை வைத்து ஜெமெக்கிஸ் 1997-இல் எடுத்த 'கான்டாக்ட்' படத்திலும் ஒரு அப்பா உண்டு. எல்லி சிறுமியாக இருக்கும்போது அவர் மாரடைப்பில் விழுகிறார். மாத்திரை எடுக்க மாடிக்கு ஓடுகிறாள். ஆண்டவன் சித்தம் என்று பாதிரியார் ஆறுதல் சொல்லும்போது, கீழே இருக்கும் குளியலறையில் கொஞ்சம் மாத்திரை வைத்திருக்க வேண்டும் என்கிறாள் அவள். அந்த ஒரு வாக்கியத்தில் பிற்கால விஞ்ஞானி முழுசாக இருக்கிறாள். வளர்ந்தபின் வேகா நட்சத்திரத்திலிருந்து வரும் சமிக்ஞையைப் பிடித்து, உலகமே கூடிக் கட்டிய எந்திரத்தில் ஏறி, அண்டத்தின் மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்தால், கடற்கரையில் அவளை எதிர்கொண்டு வருவது அப்பாவின் உருவம். வேற்றுலகவாசி நிஜத்தில் எப்படி இருப்பார் என்று காட்டாமல் விட்டதைக் குறையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், அவள் மாடிப்படி ஏறி ஓடிய நாளிலிருந்து அந்தப் படம் போய்க்கொண்டிருந்தது அந்தக் கடற்கரைக்குத்தான்.

இந்த வகைக் கதை அமெரிக்காவின் தனிச்சொத்து என்று நினைத்துவிட வேண்டாம். 'இ.டி.'க்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1962-இல், சத்யஜித் ராய் தன் குடும்பத்துச் சிறுவர் பத்திரிகையான 'சந்தேஷ்' இதழில் 'பங்குபாபுர் பந்து' என்று ஒரு கதை எழுதினார். பங்குபாபுவின் நண்பன் என்று பொருள். பங்குபாபு வங்கக் கிராமம் ஒன்றில் பள்ளி ஆசிரியர். யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாதவர். தினமும் மாலையில் ஊர்ப் பெரிய மனிதர் வீட்டுத் திண்ணைப் பேச்சுக்குப் போவார்; கூடியிருப்பவர்கள் எல்லோருக்கும் அவர்தான் கேலிப்பொருள். ஒருநாள் வீடு திரும்பும் வழியில் மூங்கில் தோப்பில் ஒரு விண்கலம் இறங்கியிருக்கிறது. அதிலிருந்து வந்த ஆங் என்பவன், பூகோளப் பாடம் நடத்தியும் ஊரைத் தாண்டாத அந்த ஆசிரியருக்குத் தன் கருவி வழியே வட துருவத்தையும் பிரேசில் காட்டையும் காட்டுகிறான். போகும்போது, நீங்கள் அநியாயத்துக்குப் பணிந்து போகிறீர்கள், இது நல்லதல்ல என்று சொல்லிவிட்டுப் போகிறான். மறுநாள் பங்குபாபு அந்தக் கூட்டத்துக்குப் போய் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்கிறார். கோள்களைக் கடந்து ஒரு விண்கலம் வந்த வேலை அவ்வளவுதான். கேலிக்கு ஆளான ஒரு வாத்தியாருக்கு நிமிர்ந்து நிற்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிற்று. எனக்கு இதைவிடப் பெரிய விண்வெளிக் கதை தெரியாது.

அந்தக் கருவிலிருந்து ராய் 1967-இல் 'தி ஏலியன்' என்ற திரைக்கதையை எழுதினார். கிராமத்துத் தாமரைக் குளத்தில் விண்கலம் விழுகிறது. கோவில் ஒன்று நீருக்குள்ளிருந்து எழுந்துவருவதாக ஊர் கும்பிடுகிறது. ஹபா என்ற ஏழைச் சிறுவனோடு வேற்றுலகவாசி பழகுகிறான். கொழும்பில் குடியிருந்த ஆர்தர் சி. கிளார்க்குக்கு இந்தக் கரு பிடித்திருந்தது. கொலம்பியா தயாரிப்பதாகவும் பீட்டர் செல்லர்ஸ் நடிப்பதாகவும் பேச்சு வளர்ந்து, கடைசியில் ஒன்றும் நடக்கவில்லை. 'இ.டி.' வந்தபோது, அமெரிக்காவில் படியெடுத்துச் சுற்றிக்கொண்டிருந்த தன் திரைக்கதை இல்லாமல் அது சாத்தியமில்லை என்று ராய் வெளிப்படையாகச் சொன்னார். ஸ்பீல்பெர்க் மறுத்தார். இந்த வழக்கில் தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ராயின் படத்தை நாம் பார்க்க முடியாமல் போனது பெரிய இழப்பு என்பதை மட்டும் அழுத்திச் சொல்வேன்.

நம் ஊரிலும் 1963-இல் ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' வந்தது. அறிவியலில் எங்கோ போய்விட்ட ஒரு கிரகத்தில் கலை இல்லை. அதைக் கற்றுக்கொள்ளப் பூமியிலிருந்து ஒரு பாடகியைத் தூக்கிப்போகிறார்கள். விண்கலம் செய்யத் தெரிந்தவர்கள் பாட்டுக்கு ஏங்கினார்கள் என்று அன்றே யோசித்த கதாசிரியரை வணங்கத் தோன்றுகிறது.

அண்மைக்கால 'இன்டர்ஸ்டெல்லர்' (2014) இந்தப் பட்டியலில் ஏன் சேர்கிறது என்று இளைய வாசகர்கள் கேட்கலாம். கிறிஸ்டோபர் நோலன், இசையமைப்பாளர் ஹான்ஸ் ஜிம்மரிடம் முதலில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். ஒரு தந்தைக்கும் பிள்ளைக்கும் இடையே உள்ளதைப் பற்றிய குறிப்பு. என்ன வகைப் படம் என்று சொல்லவில்லை. ஜிம்மர் ஒரு நாளில் ஒரு சிறு இசையை அமைத்துக் கொடுத்த பிறகுதான் விண்வெளி, கருந்துளை எல்லாம் அவருக்குத் தெரிந்தது. கருந்துளைக்கு அருகிலிருக்கும் கிரகத்தில் ஒரு மணி நேரம், பூமியில் ஏழு ஆண்டு. கொஞ்ச நேரம் தாமதித்துத் திரும்பும் தந்தை கூப்பர், 23 ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும் வீட்டுச் செய்திகளை வரிசையாகப் பார்க்கிறான். மகன் வளர்கிறான், கல்யாணம் முடிக்கிறான், குழந்தை பிறக்கிறது, கடைசியில் நம்பிக்கை இழக்கிறான். பிழைப்புக்குத் தூரதேசம் போய், பிள்ளைகளின் வளர்ச்சியைக் கைப்பேசித் திரையில் மட்டும் பார்த்த தகப்பன்மார் நம் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். சார்பியல் கொள்கையை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த எண்பதுகளை அப்படியே திரும்பக் கொண்டுவருகிறோம் என்று மிதிவண்டி, கைவிளக்கு, பழைய பாட்டு எல்லாவற்றையும் அடுக்கும் படங்களும் தொடர்களும் இப்போது நிறைய வருகின்றன. அவற்றில் ஜே.ஜே. ஏப்ரம்ஸின் 'சூப்பர் 8' (2011) தப்பியதற்குக் காரணம், அந்தச் சிறுவன் கையைவிட்டு இறக்காத அம்மாவின் பதக்கம். ரயில் கவிழும் பிரம்மாண்டக் காட்சி எனக்கு மங்கிவிட்டது. எஃகு ஆலை விபத்தில் இறந்துபோன அம்மாவின் பழைய படச்சுருளைச் சுவரில் ஓட்டி, பக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் அவன் பேசுவது மங்கவில்லை.

பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க எதை எடுப்பது என்று கேட்டுப் பல வாசகர்கள் எழுதியிருக்கிறீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு 'தி அயர்ன் ஜயண்ட்' (1999) காட்டுங்கள். டெட் ஹியூஸ், மனைவி சில்வியா பிளாத்தின் மரணத்துக்குப் பிறகு தன் பிள்ளைகளுக்காகச் சொன்ன கதை அது. துப்பாக்கிக்குத் தங்கையைப் பறிகொடுத்த பிராட் பேர்ட், ஆயுதமாகப் பிறந்த ஒன்றுக்கு ஆன்மா இருந்து, ஆயுதமாக இருக்க மாட்டேன் என்று சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டு அதைப் படமாக்கினார். வந்த நாளில் ஓடவில்லை. பிறகு வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. பத்து வயதுக்கு மேல் 'இ.டி.', பதின்பருவத்துக்கு 'பேக் டு தி ஃப்யூச்சர்'. 'ஸ்டார்மேன்' படத்தையும் 'கான்டாக்ட்' படத்தையும் பிள்ளைகள் தூங்கியபின் நீங்கள் பாருங்கள். இடையில் நிறுத்தாமல், கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் பாருங்கள். இந்தப் படங்களின் மௌனங்கள் நீளமானவை, அவசரப்பட்டால் நழுவிவிடும். 'இ.டி.' பார்க்கும்போது எலியட்டின் அப்பா ஏன் வரவில்லை என்று குழந்தை கேட்டால், படம் முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் அப்போதே பதில் சொல்லுங்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். இந்தப் படங்களில் ஏதேனும் ஒன்றை முதன்முதலில் யாரோடு பார்த்தீர்கள், எந்த ஊரில், எந்தக் காட்சி இன்னமும் கூடவே வருகிறது என்று எழுதி அனுப்புங்கள். கையெழுத்தில் ஒரு பக்கம் போதும். அடுத்த இதழில் அவற்றுக்காகவே நடுப்பக்கங்களை ஒதுக்கிவைத்திருக்கிறோம். இம்மாதக் கடைசிக்குள் வந்து சேரும் கடிதங்கள் அனைத்தையும் நானே படித்துத் தேர்ந்தெடுக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்